தளர்த்தாமல் இறுக்கியது

ஐசலின், நியூ ஜெர்சி
9 பிப்ரவரி 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் செய்தால் அந்த மெஷின்தான் உங்கள் குரலில் பேசுகிறது. பீப் சத்தத்துக்குப் பிறகு செய்தி சொல்லவும் என்று எவ்வளவு மரியாதை! சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை மதினி எடுத்தார்கள். "அவிய குளிக்காவ, நான் சொல்லுதேன்" என்றார்கள். மூன்று வாரமாகக் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. 'நார்த் கிரேஸ்' கப்பலில் டை ராடு ஒடிந்து, அதில் வேலை பார்த்த வரதராஜா செத்துப்போனது யாருடைய தப்பு என்று உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. கப்பல் ரிப்பேர் யார்டு சூப்பர்வைசரின் கவனக்குறைவாம். அந்த சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை. இப்போது யார்டில் இவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "சும்மாதான் இருந்தேன்" என்பார்.

நான் நர்ஸ். எனக்கு எஞ்ஜின் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் இதைத்தானே கேட்கிறேன். கப்பல் எஞ்ஜின் மூன்று மாடி உயரம். அடியில் ஒரு படுக்கை, அதன்மேல் சட்டம், அதன்மேல் சிலிண்டர்கள். மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க உச்சியிலிருந்து அடிவரைக்கும் நீளநீளமான கம்பிகள். அவைதான் டை ராடு. அது நடுங்காமல் இருக்க நடுவில் பக்கவாட்டில் சின்ன போல்ட்டுகள் கடித்துப் பிடித்திருக்கும். டை ராடை ஜாக் வைத்து இழுத்து இறுக்குவதற்கு முன்னால் அந்தப் பிஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் மேலே இழுக்கிற இழுப்பு நடுவிலேயே நின்றுவிடும், கீழ்ப்பாதி தொளதொளவென்று கிடக்கும். எங்கள் வார்டில் தொடையெலும்பு முறிந்தவர்களுக்கு வெயிட் கட்டி இழுக்கிறோமே, நடுவில் கட்டு இறுகியிருந்தால் இழுப்பு முறிந்த இடத்துக்குப் போகாது. அது மாதிரிதான்.

இது எனக்கே தெரிகிறது. இருபது வருஷம் கப்பலில் ஓடின இவருக்குத் தெரியாமலா போகும்? தளர்த்த வேண்டாம் என்று சொன்னது நீங்கள். கப்பல்காரர்களின் ஆளாக, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து நின்றுகொண்டு நீங்கள் சொன்னீர்கள். அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தங்கை,
கிருபாராணி


ஹூஸ்டன்
20 பிப்ரவரி 1986

அன்புத் தங்கச்சி கிருபாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் மூவரையும் தினமும் குடும்ப ஜெபத்தில் நினைக்கிறோம். உன் கடிதத்தைப் படித்து மதினி அழுதுவிட்டாள். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒன்று. இந்த மாதிரி விஷயங்களைக் காகிதத்தில் எழுதாதே. கேஸ் நடக்கிற நேரம். யார் கையில் போய்ச் சேருமோ.

இரண்டாவது, எஞ்ஜினை நீ புரிந்துகொண்டது பாதிதான். அந்த ராடு பழைய ராடு. உலோகம் களைத்துப்போவது என்று ஒன்று உண்டு. ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒடிந்த துண்டை லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிஞ்ச் போல்ட்டால்தான் ஒடிந்தது என்று யார் கண்டது?

மூன்றாவது. கேட்க உனக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஞானம் மாப்பிள்ளை சின்னப் பிள்ளை இல்லை. சீஃப் எஞ்ஜினியர் சர்டிஃபிகேட் வைத்திருக்கிறவர். அன்றைக்கு அந்த ஷிஃப்டுக்கு அவர்தான் பொறுப்பு. நான் கப்பல் சொந்தக்காரனின் பிரதிநிதி, யார்டு ஆட்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது. நான் ஏதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால்கூட, "முடியாது, இது தப்பு" என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஏன் சொல்லவில்லை? அதை நீ அவரிடம் கேட்டாயா?

யார்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மாப்பிள்ளை 'மறந்துவிட்டேன்' என்று சொன்னால் கதை அதோடு முடியும். எந்த மனுஷனும் மறக்கிறவன்தான். அவருக்கு வேறு வேலைக்கு நான் பொறுப்பு. உங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நடுத்தெருவில் விடுவேனா?

பெனிட்டா ஸ்கூல் எப்படிப் போகிறது? தமிழ் பேசுகிறாளா, இல்லை இன்னும் இங்கிலீஷ்தானா?

அன்புடன் அண்ணன்,
சுந்தர்சிங்


ஐசலின்
2 மார்ச் 1986

அண்ணனுக்கு,

கேட்டேன். நீங்கள் கேட்கச் சொன்னபடியே, "ஏன் முடியாதுன்னு சொல்லல?" என்று கேட்டேன். இவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதனால், வரதராஜா செத்த செய்தி வந்த ராத்திரி இவர் சொன்னதை வைத்து நானே சொல்கிறேன்.

எஞ்ஜின் ரூமில் சுற்றிலும் வெள்ளைக்காரரும் போர்ட்டோ ரிக்கோக்காரருமாகப் பத்துப் பேர் நின்றார்கள். இவர் "பிஞ்ச் போல்ட் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, கழட்ட ஒரு ஷிஃப்டு முழுக்க ஆகும்" என்று இங்கிலீஷில் சொன்னார். நீங்கள் அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லவில்லை. கிட்ட வந்து தோளில் கை போட்டு, தமிழில், "மாப்ளே, விடுங்க மாப்ளே, நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். யார்டு ஆட்களுக்கு என்ன தெரியும்? இந்தியாக்காரர் இரண்டு பேர் ஏதோ குடும்ப விஷயம் பேசிச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதற்கு மேல் இவர் என்ன செய்ய முடியும்? பெண் கொடுத்த வீட்டு மூத்தவர். ஸ்பான்சர் பண்ணிக் கூட்டி வந்தவர். அந்த வேலையும் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. நாலு பேர் முன்னால் உங்கள் கையைத் தட்டிவிடவா?

உத்தரவு போட அதிகாரம் இல்லை என்கிறீர்கள். உத்தரவு போட்டிருந்தால் இவர் மறுத்திருப்பார். நீங்கள் போட்டது உத்தரவு இல்லையே.

பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன், யாரிடம் இந்தக் கதை? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தது என் வீட்டுக்குத்தானே? தமிழ்ச் சாப்பாடு சாப்பிட்டு மாதக்கணக்காகிறது, பாவம் என்று அந்தக் கப்பலின் ஃபோர்த் எஞ்ஜினியர் வரதராஜாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னைக்கு மாப்ள மூஞ்சிய பாக்கணுமே! போல்ட்ட கழட்டாம இழுக்க மாட்டேன்னு ஒரே புடி. நான் சொன்ன பெறவுதான் வழிக்கு வந்தாரு."

அந்தப் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். "அண்ணை, தளர்த்தாமல் இழுத்தால் கீழ்ப்பக்கம் இறுகாதெல்லோ?" என்று கேட்டான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தம்பி, அதெல்லாம் ஒங்க காலேஜ் புஸ்தகத்துல. இங்க கப்பல் கெளம்பணும்லா."

நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். மே மாதம் நடக்கப் போகிற விசாரணையில் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

கிருபா


ஹூஸ்டன்
14 மார்ச் 1986

கிருபாவுக்கு,

நீ என்னைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். சந்தோஷம்.

சாப்பாட்டு மேஜையில் நடந்ததை இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாயே, ஒன்றை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? நான் அதைச் சொன்னபோது நீயும் சிரித்தாய். "இவியளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று உன் புருஷனைப் பார்த்துச் சொன்னதே நீதான். இப்போது ஒருவன் செத்தபிறகு நீ நியாயாதிபதி, நான் குற்றவாளி.

உன்னை நர்சிங் படிக்க வைத்தது யார்? நான் கப்பலில் எண்ணெயில் புரண்டு அனுப்பிய பணத்தில் படித்தாய். அதைச் சொல்லிக்காட்ட நான் நினைத்ததே இல்லை, உன் கடிதம் சொல்ல வைக்கிறது.

இனி இதில் பேச எதுவும் இல்லை. உனக்குத் தெரியாது போலிருக்கிறது, ஞானம் மாப்பிள்ளை போன வாரமே யார்டு வக்கீலிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்த மறந்துவிட்டேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று. நானும் அவரும் போனில் பேசினோம். ஆம்பளைகள் நாங்கள் பேசி முடித்துவிட்டோம். பெரிய மனசு அவருக்கு. உனக்கும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

சுந்தர்சிங்


ஐசலின்
6 ஏப்ரல் 1986

அண்ணன்,

சிரித்தேன். ஆமாம். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். இவரும் அதே காரணத்தால்தான் ஜாக்கை மாட்டினார். அதை என்மேல் போட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

கையெழுத்து விஷயம் உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே வண்டியில் சர்ச்சுக்குப் போய்க்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை இவர். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று கேட்டேன். "ஒங்க அண்ணன் போன்ல அழுதாவ கிருபா. ஒரு பெரிய மனுஷன் அழுதா நான் என்ன செய்ய?" என்றார். நீங்கள் அழுதீர்களா? "நான் போயிட்டா கிருபா ஒங்கள மன்னிக்கவே மாட்டா" என்று சொன்னீர்களாமே. என் பெயரைச் சொல்லி என் புருஷனிடமே பிச்சை வாங்கியிருக்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரியாமல்.

இன்னொன்று கேளுங்கள். போன சனிக்கிழமை சான் ஹோசேயிலிருந்து ஒரு போன் வந்தது. வரதராஜாவின் பெண்சாதி, தவமலர். கேஸுக்காக வந்து தமையன் வீட்டில் இருக்கிறாள். சின்னக் குரல். சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை.

"அக்கா, உங்கட வீட்டிலைதானே அவர் கடைசியா ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டவர். போனிலை சொன்னவர், மீன்குழம்பு நல்லாயிருந்ததெண்டு" என்றாள்.

அப்புறம் சொன்னாள், கப்பல் புறப்பட்ட பிறகு அவன் ஒவ்வொரு வாட்ச் டியூட்டியிலும் எஞ்ஜின் உச்சிக்கு ஏறிப்போய் அந்த டை ராடு நட்டுகளைப் பார்த்துவிட்டு வருவானாம். மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அப்படிப் பார்க்க ஏறின ஒருநாள்தான் ராடு ஒடிந்து, மேல்துண்டு நட்டோடு எகிறி அடித்திருக்கிறது. அண்ணன், உங்களுக்குப் புரிகிறதா? என் வீட்டு மேஜையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் அந்தப் பையன் மேலே ஏறி ஏறிப் பார்த்தான்.

கடைசியில் அவள் கேட்டாள். "உங்கட மனிசன் நல்ல எஞ்ஜினியர் எண்டுதானே அவர் சொன்னவர். பிறகு ஏனக்கா மறந்தவர்?"

என் வாய்வரைக்கும் வந்தது. என் அண்ணன்தான் காரணம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியலம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நாளைக்கு இவர் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும், ஒரு பையனைக் கொன்றவர் என்று விரல் நீட்டுவார்கள். அவளும் சாகிறவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். இவர் தூங்குவதில்லை. நான் தூங்குவதில்லை. நீங்கள் தூங்குகிறீர்களா?

மே மாதம் வக்கீல்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கி வாக்குமூலம் எடுக்கப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால் தவமலரின் வக்கீலிடம் நான் போய்ச் சொல்வேன். இது மிரட்டல்தான்.

கிருபாராணி


ஹூஸ்டன்
19 ஏப்ரல் 1986

என் தங்கச்சி கிருபாவுக்கு,

இதை எழுதுவது மதினிக்குத் தெரியாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

தூங்குகிறீர்களா என்று கேட்டாய். இல்லை.

அந்தக் கப்பல் மறுநாள் காலை புறப்படாவிட்டால் கம்பெனி கையைவிட்டு அந்தச் சரக்கு போய்விடும் என்று மேலே இருந்து எனக்குப் போன்மேல் போன். "சிங், உன்னால் முடியுமா முடியாதா? முடியாது என்றால் சொல், முடிகிறவனை அனுப்புகிறோம்" என்றார்கள். இருபத்திமூன்று வயசுப் பையன்கள் டை கட்டிக்கொண்டு எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல எனக்கும்தான் வாய் வரவில்லை. பாதி இறுகினாலும் ஹூஸ்டன் வரைக்கும் தாங்கும், இங்கே வந்ததும் நானே சரியாகச் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வழியில் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இங்கே வரவே இல்லை.

எனக்கு ஐம்பத்திநான்கு வயசு. இந்த வேலை போனால் இன்னொரு கம்பெனி என்னை வாசலில் நிறுத்தாது. சர்ச்சில் நான் மூப்பர். மகன் ஜாஷுவா மெடிக்கல் ஸ்கூலில் இரண்டாம் வருஷம். மாப்பிள்ளை உன்னைவிடச் சின்ன வயசுக்காரர் மாதிரி உழைப்பார், எங்கேயும் பிழைத்துக்கொள்வார். நான் விழுந்தால் எழும்ப மாட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது யார்டு கொடுத்தாலும் கிடைக்கும், நாங்கள் கொடுத்தாலும் கிடைக்கும். யார் தப்பு என்று சொன்னால் செத்தவன் வரப்போகிறானா?

நீ சொன்னால் நமக்குள் எல்லாம் அறுந்துபோகும். நான் கோபத்தில் சொல்லவில்லை. அப்படி ஆகிவிடும், அவ்வளவுதான். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு நீ. இந்த ஒரு தடவை, கிருபா.

அண்ணன்


ஐசலின்
4 மே 1986

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. ஆனால் யாரிடமும் காட்டவும் மாட்டேன், பயப்படாதீர்கள். உங்கள் கடிதத்தை வைத்து உங்களைப் பிடித்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்டதை நான் சொல்வேன், அது போதும்.

படிக்கும்போது உங்கள்மேல் இரக்கம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடைசிவரை படித்துப் பார்த்தேன், வரதராஜா என்ற பெயர் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. 'செத்தவன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

தவமலரின் வக்கீலுக்குப் போன் செய்துவிட்டேன். இந்த மாதம் கடைசியில் நெவார்க்கில் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் இவரை. இவரிடமும் சொல்லிவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிட்டால் இவரும் சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். முதலில் யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிருபா


ஹூஸ்டன்
22 ஜூன் 1986

அன்புள்ள கிருபாவுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

நீ நெவார்க்கில் சொன்னதை எங்கள் வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். தாளை மடித்து வைத்துவிட்டு நான் ஜெபம் செய்தேன். உன்னை மன்னித்துவிட்டேன், மனசார.

மறுநாள் மாப்பிள்ளையிடம் கேட்டார்களாம், "உங்கள் மனைவி சொன்னது உண்மையா?" என்று. கொஞ்சமும் தடுமாறவில்லையாம். "என் மனைவி அடுப்புக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார், பாதிப் பேச்சுதான் காதில் விழுந்திருக்கும். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேன்" என்றாராம். மூன்று வக்கீல்கள் மாற்றி மாற்றிக் கேட்டும் அதே பதில். மனுஷன் என்றால் அவர் மனுஷன்.

யார்டு பக்கம் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் குறை வராது. மாப்பிள்ளையை யார்டில் இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள், அது தெரிந்ததுதான். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. இங்கே எங்கள் ஸ்டோர்ஸில் உதிரிப் பாகங்களுக்கு ஒரு ஆள் தேவை. எஞ்ஜினில் கை வைக்கிற வேலை இல்லை, இப்போதைக்கு அது முடியாது. ஆனால் என் கண் முன்னால் இருப்பார். போனில் கேட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வீடு கிடைக்கும்வரை எங்களோடு இருக்கட்டும். நீயும் பெனிட்டாவும் லீவு முடிவதற்குள் வந்துவிடுங்கள். இங்கே நர்சுக்கா வேலை இல்லை?

பழையதை மறந்துவிடுவோம்.

அன்புடன் அண்ணன்,
சுந்தர்சிங்


ஐசலின்
6 ஜூலை 1986

அண்ணனுக்கு,

மன்னித்ததற்கு நன்றி. எனக்குச் சிரிப்பு வந்தது, வேறென்ன செய்வது.

இவரை நெவார்க்கிலிருந்து நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தேன். பார்க்வேயில் டோல் கொடுக்கும்போது கேட்டேன். "என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினீங்க? எங்க அண்ணனுக்காகவா? எனக்காகவா?" நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். என்மேல் உள்ள பாசம், உங்கள்மேல் உள்ள நன்றி என்று.

இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மறந்துட்டேன்னு சொன்னா ஒரு எஞ்ஜினியர் தப்பு பண்ணிட்டான்னு சொல்லுவாங்க. எந்தப் பெரிய எஞ்ஜினியரும் மறப்பான். மச்சான் தோள்ல கை போட்டதும் தெரிஞ்சே தலையாட்டுனான்னு சொன்னா? என்னை எவன் எஞ்ஜினியர்னு சொல்லுவான் கிருபா? நீ அத எல்லாரு முன்னாலயும் சொல்லிட்ட."

நான் உண்மையைச் சொல்லி இவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இவருக்கு அது அவமானம். கொலைப்பழிகூடப் பரவாயில்லையாம், இது வேண்டாமாம். அன்றைக்கு எஞ்ஜின் ரூமில் நாலு பேர் முன்னால் நீங்கள் இவரை என்ன செய்தீர்கள் என்று எனக்கு அந்த வண்டியில்தான் புரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

தவமலருக்கு நானே போன் செய்தேன். கேஸ் முடிந்தாலும் அவளுக்காவது உண்மை தெரியட்டும் என்று, அன்றைக்கு மேஜையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அக்கா, நீங்கள் உங்கட மனிசனைக் காப்பாற்றச் சொல்லுறியள் எண்டு வக்கீல் சொன்னவர். உங்கட மனிசனே இல்லையெண்டு சத்தியம் பண்ணிப்போட்டார். நான் ஆரை நம்ப?" என்றாள். பிறகு, "இனிமேல் எடுக்காதேங்கோ" என்று வைத்துவிட்டாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. நானும் பெனிட்டாவும் வரவில்லை. லீவுக்கு வரவில்லை என்று சொல்லவில்லை, வரவில்லை என்று சொல்கிறேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வாடகை கட்ட முடியும். உங்கள் வீட்டு மேஜையில் உங்களையும் இவரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்துச் சோறு போட என்னால் முடியாது. "நீயும் வா" என்று இவர் ஒரு தடவை கேட்டார். நான் மாட்டேன் என்றதும் மறுபடி கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலிருந்து இவருக்கு பிளட் பிரஷர். மாத்திரையைப் பெட்டியின் பக்கப் பையில் வைத்திருக்கிறேன், காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. நான் கொடுத்தால் "அப்புறம் போட்டுக்கிடுதேன்" என்று தள்ளிவைத்துவிடுகிறார், பாதி நாள் போடுவதில்லை. நீங்கள் கையில் கொடுங்கள். நீங்கள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கிருபாராணி